பாலையில் உருண்ட சக்கரம் – 11: பொழுதுபோக்கும் போக்குவரத்தும்

துபாயின் ஷேக் சாயித் சாலையில், அல் கூஸ் பகுதியின் ஓரமாக, 2002ஆம் ஆண்டு ஒரு சைக்கிள் கடை திறந்தது. கடைக்காரர் வுல்ஃப்கேங் ஹோமன் என்ற ஜெர்மானியர். தன் செல்லப்பெயரையே கடைக்கும் வைத்தார்: வுல்ஃபீஸ் பைக் ஷாப். வளைகுடாவில் சைக்கிள்காரர்களுக்காக வாய் திறந்தவர் யார், கால் கடுக்க நின்றவர் யார் என்று தேடிப் போனால், முதல் பெயர் இந்தக் கடைப் பலகையில்தான் அகப்படுகிறது. சங்கம், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒரு பட்டியலும் அகப்படாது. நம்மூரில் நாலு பேர் சேர்ந்தால் முதல் வேலையாக லெட்டர்பேடு அடிப்போம். அங்கே அது எளிதில்லை.

சட்டம் அப்படி. அமீரகத்தில் பொதுநலச் சங்கம் எதுவானாலும் அரசின் உரிமம் பெற்றே நடக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் எண் 2 இதைத்தான் சொன்னது. துபாயில் 2015ஆம் ஆண்டின் 9ஆம் எண் ஆணை வந்தபின், அனுமதியில்லாமல் நன்கொடை கேட்பதே குற்றமாகிவிட்டது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிவாசல் கட்டடத்துக்கும் ரூம் ரூமாக ரசீதுப் புத்தகத்தோடு அலைந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே சைக்கிள்காரர்களின் இயக்கம் அங்கே இயக்கம் என்ற பெயரே இல்லாமல் வளர்ந்தது. ஒரு கடையாக, விடியற்காலை ஓட்டமாக, ஆண்டுக்கொரு முறை நடக்கும் பந்தயமாக. கடைசியில் எல்லாமே வாட்ஸ்அப் குழுவாக.

ஹோமனின் கடையைச் சுற்றித்தான் 'துபாய் ரோட்ஸ்டர்ஸ்' என்ற ஓட்டக் குழு திரண்டது. வெள்ளிக்கிழமை இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பி, ஒரு காப்பியோடு கலைந்துவிடுவார்கள். வெள்ளி அன்றைக்கு வார விடுமுறை. 2022 ஜனவரியில் அரசு விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியதும் பல ஆண்டுகளாக ஓடிய வெள்ளி ஓட்டங்களுக்கெல்லாம் நாள் மாறிப்போனது. வெறும் நாட்காட்டி விஷயமாகத் தெரியலாம். ஆனால் அதுவரை காரை வெறுத்த பொறியாளருக்கும் கேம்பில் இருந்த கொத்தனாருக்கும் ஒரே காலையில் சாலை காலியாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே நாள் விடுமுறை என்ற பொருத்தம் போயிற்று.

இரண்டாவது பெயர் ஸ்டூவர்ட் ஹோவிசன். 2010இல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் ஸ்பின்னீஸ் துபாய் 92 சைக்கிள் சேலஞ்ச் பந்தயத்தின் இயக்குநர். 92 என்பது ஒரு பண்பலை வானொலியின் எண். பந்தயத்தின் தூரமும் 92 கிலோமீட்டர். 'சைக்கிள் சேஃப் துபாய்' குழுவைத் தொடங்கியவரும் இவர்தான். குழுவின் பெயரிலேயே கோரிக்கை இருக்கிறது. கொடி பிடிக்காமல் கோரிக்கை வைக்க வேண்டிய ஊரில் பெயர் வைப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

இந்தக் குழுக்களில் ஓட்டத் தலைவர் என்று ஒருவர் இருப்பார். சம்பளம் கிடையாது. அவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நாலரை மணிக்கு வந்து பின்விளக்குகளை எண்ணுவார். ஆளை எண்ணுவதில்லை, இருட்டில் ஆள் எங்கே தெரிகிறது? சிவப்புப் புள்ளிகளைத்தான் எண்ணுவார். விளக்கில்லாதவரை வரிசையில் விடமாட்டார். ஹெல்மெட் வார் தொங்கினால் தானே போய் இறுக்குவார். ஓட்டம் தொடங்கியதும் கைதான் வாய். இடுப்புக்குப் பின்னால் விரல் நீண்டால் பள்ளம், கை மடங்கி உயர்ந்தால் நிறுத்தம். வரிசையின் கடைசியில் இன்னொருவர் வருவார். பஞ்சரானவரோடு நின்று டியூப் மாற்றித் தருவதும், மூச்சு வாங்குகிறவர் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வருவதும் அவர் பாடு. திரும்பி வந்ததும் மறுபடி எண்ணிக்கை. புறப்பட்டபோது இருந்த எண்ணிக்கை வரும்வரை ஓட்டத் தலைவர் வீட்டுக்குப் போகமாட்டார். இந்த இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். செய்தித்தாளில் இவர் பெயர் வந்ததேயில்லை.

கோரிக்கைக்குப் பலனும் வந்தது. 2013 வாக்கில் துபாயின் சாலை, போக்குவரத்து ஆணையம் நாத் அல் ஷிபாவிலும் அல் குத்ராவிலும் சைக்கிளுக்கென்றே தடம் போட்டது. அல் குத்ரா ஓட்டக்காரர்களிடம் பேசினால் 'ஸ்டிக்', 'லூப்' என்ற இரண்டு சொல் அடிக்கடி வரும். அரேபியன் ரேஞ்சஸ் பக்கத்திலிருந்து பாப் அல் ஷம்ஸ் நோக்கிப் போகும் 18 கிலோமீட்டர் நேர்த்தடம் ஸ்டிக். அங்கிருந்து மணலைச் சுற்றி வரும் 50 கிலோமீட்டர் வட்டம் லூப். கம்பில் மாட்டிய வளையம் மாதிரி. வழியில் ஓரிக்ஸ் மான் குறுக்கே நிற்கும். ஒதுங்கிப் போக வேண்டியவர் நாம்தான், அது அசையாது. 2021 ஜனவரியில் துபாய் ஆட்சியாளர் ஷேக் முகம்மது பாலைவனத்தில் சைக்கிளில் போக, பக்கத்திலேயே நெருப்புக்கோழிகள் ஓடிவந்த காட்சி உலகமெங்கும் சுற்றியது. ஆட்சியாளரே மிதிக்கிற ஊரில் தடம் போடுவதற்குக் கோப்பு வேகமாக நகரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம்மூர் அமைச்சர்களும் நாலு நாள் மிதித்தால் நல்லது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அல் குத்ராவுக்குப் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். காரின் பின்னால் சைக்கிளை மாட்டி வந்து, இறக்கி, மிதித்து, மறுபடி மாட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தடம் யாரையும் எந்த வேலைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

ஹோமன் கடை முகப்பு நெடுஞ்சாலையைப் பார்த்திருந்தது. அந்தப் பகுதிக்குள்ளே நுழைந்தால் அல் கூஸின் கிடங்குகள், கராஜ்கள், அவற்றுக்கு நடுவே கம்பெனி கேம்புகள். 2000களின் நடுவில் நானும் அப்படியொரு கேம்பில் இருந்தேன். மாடிப்படிக்கு அடியில் முப்பது சைக்கிளாவது சாய்ந்து கிடக்கும். சீனத்து ஃபீனிக்ஸ் வண்டிகள்தான் அதிகம். பெரிய சக்கரம், கம்பி பிரேக், முதுகில் இரும்புக் கேரியர். கேரியருக்குக் குறுக்கே பழைய டியூபை அறுத்துச் செய்த ரப்பர் பட்டை. அதில் அரிசி மூட்டை நிற்கும், கேஸ் அடுப்பு நிற்கும், ஊருக்குப் போகிறவரின் பெட்டியும் நிற்கும். ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் வாளி, துடைப்பான், பழைய துணி தொங்கினால் அவர் கார் கழுவுகிறவர். மூன்றரை மணிக்கே கிளம்பிவிடுவார். முன்னால் கூடை இருந்தால் க்ரோசரிப் பையன். ஹேங்கர் மாட்டிய சட்டைகள் தொங்கினால் லாண்டரி. வண்டியைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடலாம்.

எங்கள் படிக்கட்டுக்கடியில் நின்ற வண்டிகளில் ஒன்று அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவருடையது. கார் கழுவுகிற வேலை. ஒருநாள் ஃபிரீவீலில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரிடம், "அண்ணே, ஊர்லயே நல்லா ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "நான் குரங்குப் பெடல்லயே வளந்தவன் தம்பி. ஆனா என் வீட்டுக்காரி என்னைவிட நல்லா ஓட்டுவா. அறிவொளில கத்துக்கிட்டா. நான் இங்க வந்தப்புறம் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடுறது, ரேஷன் வாங்குறது, எல்லாம் அவதான், சைக்கிள்லதான்."

இந்த ஒரு பேச்சுக்காகவே இந்தத் தொடரில் புதுக்கோட்டையைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 1991இல் அங்கே மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கமான அறிவொளிக்கு உள்கிராமங்களுக்குப் போய்வர ஆள் வேண்டும். ஆண் தொண்டர் சைக்கிளில் போய்விடுவார். பெண் தொண்டர் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அப்படியானால் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுங்கள் என்றார் ஆட்சியர். தொண்டருக்குக் கொடுத்த பயிற்சி ஊரெல்லாம் பரவிவிட்டது. கல்குவாரிக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள், நர்ஸுகள் எனப் பலரும் ஏறினார்கள். கடையில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனதால், பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே ஏறியவர்கள் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய் எழுதினார். அவர்களில் யாரும் உடம்பு இளைக்க மிதிக்கவில்லை. தண்ணீர்க் குடத்துக்கும் காய்கறிக் கூடைக்கும், இடுப்புக் குழந்தைக்கும் மிதித்தார்கள். புருஷன் கடல் தாண்டிப் போன வீடுகளில் வெளிவேலையும் அந்தச் சைக்கிளின் தலையில்தான் விழுந்தது. வளைகுடா பணம் புதுக்கோட்டைக் கடலோரத்தை மாற்றியதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பணத்தை வங்கியில் போய் எடுத்துவந்த சைக்கிளைப் பற்றி எழுதியவர் குறைவு.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி 2013 ஏப்ரலில் சவூதியில் நடந்தது. பெண்கள் இனி சைக்கிள் ஓட்டலாம் என்று மத ஒழுங்குக் காவல்துறை, நம்மவர்கள் 'முத்தவா' என்று சொல்கிறவர்கள், அனுமதித்துவிட்டதாக அல்-யவ்ம் நாளிதழ் செய்தி போட்டது. நிபந்தனைகள் இவை: பூங்கா மாதிரியான இடங்களில் மட்டும், அபாயா முழுக்க அணிந்து, துணைக்கு வீட்டு ஆண் ஒருவர். கடைசி நிபந்தனை இன்னும் சுவாரசியமானது. பொழுதுபோக்குக்காக ஓட்டலாம், போக்குவரத்துக்காக ஓட்டக் கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹைஃபா அல்-மன்சூர் 'வஜ்தா' படத்தை எடுத்திருந்தார். ரியாத் சிறுமி ஒருத்தி பச்சை நிறச் சைக்கிள் ஒன்றுக்கு ஆசைப்படுகிற கதை. தெருவில் ஆண்களோடு நின்று இயக்க முடியாது என்பதால், பல காட்சிகளை வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி-டாக்கியில் இயக்கினார். படம் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. சொந்த ஊரில் அன்று பார்க்கத் தியேட்டரே கிடையாது.

படத்தைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் எல்லாரும் அப்புறம் தெருவில் இறங்கினார்கள். ஜித்தாவில் நதீமா அபு அல்-இனைன் என்ற இளம்பெண் 'பிஸ்க்லீத்தா' என்று பெண்கள் குழு தொடங்கினார். கிழக்குக் கரையில் அல் கோபாரில் பராஆ லுஹைத் 'ஸ்போக்ஸ் ஹப்' என்ற சைக்கிள் கடையும் குழுவும் நடத்தினார். கடை ஆண்களுக்கான உரிமத்தில் இருந்ததால், சொந்தக் கடைக்குள்ளேயே அவர் நுழைய முடியாத நிலை. பெண் வாடிக்கையாளர்களுக்காக ஒரு வண்டியையே நடமாடும் பட்டறையாக்கினார். துபாயில் ஒரு கடைக்காரரிடமிருந்து தொடங்கிய கதை அல் கோபாரிலும் ஒரு கடைக்காரியிடம் வந்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சங்கம் வைக்க முடியாத ஊரில் ஸ்பேனர் பிடித்தவர்தான் செயலாளர். 2018 ஜூனில் சவூதிப் பெண்கள் காரே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். பொழுதுபோக்கு, போக்குவரத்து என்ற பிரிவினை அவர்களைப் பொறுத்தவரை அதோடு பொருளிழந்தது.

அல் கூஸ் படிக்கட்டுக்கடியில் அது பொருளிழக்கவில்லை. துபாய் நிர்வாகக் குழுவின் 2022ஆம் ஆண்டுத் தீர்மானம் எண் 13 சைக்கிளுக்கும் மின் ஸ்கூட்டருக்கும் விதிகள் வகுத்தது. ஹெல்மெட் கட்டாயம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேக வரம்புள்ள சாலையில் சைக்கிள் ஓட்டினால் 300 திர்ஹம் அபராதம். டபுள்ஸ் போனாலும் அபராதம். உயிர்காக்கும் விதிகள்தான், மறுப்பதற்கில்லை. எட்டு வழிச் சாலையில் விளக்கில்லாத சைக்கிள் விடியற்காலையில் போவதைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். காவல்துறையினர் கேம்புகளுக்குப் போய்ப் பிரதிபலிக்கும் சட்டையும் ஹெல்மெட்டும் இலவசமாகக் கொடுப்பதும் உண்டு. ஆனால் கேம்பிலிருந்து வேலை இடத்துக்கு வேறு வழியே இல்லாதபோது என்ன செய்வது என்று அந்த விதிக்குத் தெரியாது. க்ரோசரிப் பையனுக்கு 300 திர்ஹம் என்பது ஊருக்கு அனுப்பும் பணத்தில் விழும் ஓட்டை. ஷார்ஜாவில் கண்ட இடத்தில் ஓட்டிய சைக்கிள்களைப் போலீஸ் லாரியில் அள்ளிப்போவது பலமுறை செய்தியாக வந்திருக்கிறது. திருப்பி வாங்க எவரும் போகமாட்டார்கள். நூறு, நூற்றைம்பதுக்கு இன்னொரு பழைய வண்டி கிடைத்துவிடும்.

அவர்களுக்காகப் பேச ஓட்டத் தலைவர் கிடையாது. ஞாயிறு விடியலில் அவர்களுடைய பின்விளக்கை எண்ண ஆள் கிடையாது, விளக்கே கிடையாது. கார்பன் சைக்கிள் குழுக்களைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. தங்கள் உயிருக்குப் பயந்து தடம் கேட்டார்கள், கிடைத்தது. கேரியர்க்காரர்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது.

மற்றதெல்லாம் வேகமாக நடந்து முடிந்த கதை. அரசுகள் பணத்தோடு இறங்கிவிட்டன. 2017இல் அமீரகம் ஒரு தொழில்முறை சைக்கிள் அணிக்குப் பெயர் கொடுத்தது. அந்த அணியின் ததேய் போகாச்சர் 2020இல் டூர் தெ பிரான்ஸை வென்றார். 2019இல் அபுதாபி, துபாய் பந்தயங்கள் ஒன்றாகி யுஏஇ டூர் ஆனது. 2020 பிப்ரவரியில் துபாயில் 78 நிலையங்களில் 780 வாடகைச் சைக்கிள்கள் வந்தன. அதே ஆண்டு கத்தார் 32.869 கிலோமீட்டர் தொடர் தடம் போட்டுக் கின்னஸில் பெயர் வாங்கியது. நவம்பரில் ஷேக் சாயித் சாலையையே ஒரு காலைப்பொழுது மூடி, சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். 2022இல் அந்த 'துபாய் ரைடு'க்கு வந்தவர்கள் 34,897 பேர். 2021 நவம்பரில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஆசியாவிலேயே முதலாவதாக அபுதாபிக்கு 'பைக் சிட்டி' பட்டம் தந்தது. துபாயின் தடங்கள் 500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. 2030க்குள் 1,000 என்பது இலக்கு. அந்த ஆயிரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஒரு கேம்பின் வாசலில் தொடங்கி ஒரு வேலை இடத்தின் வாசலில் முடியும் என்பதுதான் என் கேள்வி.

இந்த அத்தியாயத்தை எழுதும்போது ஹோமனைப் பற்றியும் ஹோவிசனைப் பற்றியும் தகவல் கிடைப்பதில் சிரமமே இல்லை. பேட்டிகள், படங்கள், பந்தய முடிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அறந்தாங்கி அண்ணனின் ஃபீனிக்ஸ் வண்டிக்கு ஒரு படம்கூட இல்லை. அவர் ஊர் திரும்பிப் பல வருடமாகிறது.

அடுத்த வாரம் இதைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதனால் ஒரு வேண்டுகோள். சத்வாவிலோ தேராவிலோ, தோஹாவிலோ, தமாமிலோ, குவைத்திலோ சைக்கிளில் பால் போட்டவர்கள், சாப்பாடு கொடுத்தவர்கள், கார் கழுவப் போனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் காலத்துப் படம் ஒன்றைத் தேடுங்கள். வண்டியின் மேல் ஒரு காலை வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்து ஊருக்கு அனுப்பிய படம் அநேகமாக எல்லார் வீட்டுப் பெட்டியிலும் இருக்கும். அபராத ரசீது இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கத்தில் ஊர், ஆண்டு, என்ன வேலை என்று மூன்றே மூன்று எழுதி, பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். படம் பத்திரமாகத் திரும்பி வரும்.